ஒரு இலை கூடுதல்

பக்கவாதம் வந்து தேறியபின் என் மனைவி தையல் பெட்டியை என் கையில் கொடுத்து, "யாருக்காவது குடுத்திருங்க" என்றாள். நான் அதைப் பரணில் சாக்குக்கு அடியில் ஒளித்துவிட்டு, கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். அவளுக்குக் கை ஓரளவு சரியாகியிருந்தது. ஊசி பிடித்தால் மட்டும் விரல் நடுங்கும்.

பீர்மேட்டில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள பழைய துரை பங்களா இப்போது விடுதி. அங்கே கண்ணாடிப் பெட்டியில் ஒரு துரைசானியின் தோல் கையுறைகள் இருந்தன. மணிக்கட்டைச் சுற்றிப் பட்டுநூலில் அடுக்குப் பூக்களும் கொடியும். போன மழைக்காலத்தில் வலது கையுறையில் ஒரு பூவின் நூல் இற்றுப்போனது. மாதா கோயில் பீடத்துணிக்குப் பூப்போட்டவள் என் மனைவி என்று யாரோ சொல்லி, விடுதி மேனேஜர் இரண்டு கையுறைகளும் ஊசியும் பட்டுநூலுமாக வந்து நின்றார். நான் முடியாதென்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள், "வச்சிட்டுப் போங்க சார்" என்றாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. இதிலும் தோற்றால் அவளைத் தேற்ற என்னால் ஆகாது.

"துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். தோல்ல விழுந்த ஓட்டை மூடாதுங்க" என்றாள். அதனால் பழைய துளைகள் வழியாகவே ஊசியை விட்டாள். நூல் கோத்துக் கொடுப்பது என் வேலை. நாலாம் நாள் அவள் விரல் உதறியது. பூவுக்கு வெளியே, வெறும் தோலில் ஊசி இறங்கிவிட்டது.

"ஆசப்பட்டு வாங்கியிருக்கக் கூடாது" என்று கையுறையை மடியில் போட்டுவிட்டாள். நான் இடது கையுறையை எடுத்து அதனருகே வைத்துப் பார்த்தேன்.

"ஏ புள்ள, இதுல ஒரு எல கூட இருக்கே?"

அவள் வாங்கி உள்பக்கத்தைப் புரட்டினாள். அந்த இலையின் தையலுக்கு நடுவே நூலே ஓடாத மூன்று துளைகள்.

"இதத் தச்சவளும் தப்பாத்தான் குத்தியிருக்கா!" என்று சிரித்தாள். நோய் வந்தபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. தன் துளையின்மேலும் ஓர் இலை தைத்தாள். கொஞ்சம் கோணல்தான்.

இரண்டிலும் இலை ஒரே கணக்காய் இருப்பதைப் பார்த்த மேனேஜர், ஜோடி இப்போதுதான் பொருந்துகிறது என்று மகிழ்ந்துபோனார். நான் உண்மையைச் சொல்லப் போக, அவள் என் காலை மிதித்தாள்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"பரண்ல சாக்குக்கு அடியில இருக்கிற என் பெட்டிய எறக்குங்க."