நூல் சுற்றிய மோதிரம்

இந்த நாட்டில் ஒருத்தி கல்யாணம் முடித்தவளா இல்லையா என்று அறிய யாரும் கழுத்தைப் பார்ப்பதில்லை. கையைப் பார்க்கிறார்கள். அதுவும் எந்தக் கை என்று பார்க்கிறார்கள். ஜேர்மனிக்கு வந்த மூன்றாம் கிழமை, மொழி வகுப்பு ஆசிரியை என் இடக்கையைப் பார்த்துவிட்டு, "ஓ, உனக்கு நிச்சயமாகிவிட்டதா!" என்று சிரித்தார். இவருக்கு இதை யார் போய்ச் சொன்னது என்று திகைத்துப் போனேன். பிறகுதான் விளங்கியது. இங்கே நிச்சயதார்த்த மோதிரம் இடக்கையில், கல்யாண மோதிரம் வலக்கையில். எங்களுக்கு வலக்கை சோறு குழைக்கிற கை. கல்யாண மோதிரத்தை மீன்குழம்புக்குள் விடுகிற வழக்கமும் உலகத்தில் உண்டு என்று இதை வாசிக்கிற ஊர்ச்சனம் அறிந்துகொள்ளட்டும்.

அன்ரனுக்கும் எனக்கும் கோயிலில் நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு ஆறு கிழமை இருக்கையில், ஒரு சனிக்கிழமை காலை, 'ட்ரௌரிங்' எடுக்க நகைக்கடைக்குப் போனோம். அதுதான் இவர்கள் மொழியில் கல்யாண மோதிரம். அன்ரன் முல்லைத்தீவுக் கடற்கரையை விட்டு இங்கே வந்து ஒன்பது வருடம். நான் வந்து ஏழு மாதம். கடையில் இருந்த அம்மையார் கறுப்புத் துணி விரித்த தட்டில் மோதிரங்களை வரிசையாக வைத்தார். இவர்களின் பொன் வெளிறிய பொன். எங்கள் ஆட்கள் பார்த்தால் பித்தளை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். "நிச்சய மோதிரத்தையும் கழற்றித் தாருங்கள். இரண்டும் சோடியாக இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இதைத் தெரிவு செய்யலாம்" என்றார். நான் கையை மேசைக்குக் கீழே எடுத்துவிட்டேன்.

"குடுமன், அவா பார்க்கட்டும்" என்றார் அன்ரன்.

"வேண்டாம். இது இப்பிடியே இருக்கட்டும்."

"நூலோடையோ? கோயிலிலை ஆக்கள் பார்த்தால் என்ன நினைப்பினம்? இதைச் சின்னதாக்கிப் போட்டால் நூலும் தேவையில்லை."

என் மோதிரம் எனக்குப் பெரிது. விரலில் நிற்பதற்காக அதன் அடிப்பாதியில் நூல் சுற்றியிருந்தது. பெரிய மோதிரத்துக்கு நூல் சுற்றுவது எங்கள் பெண்களுக்குப் புதிதல்ல. ஆனால் என் நூலுக்குக் கீழே ஒரு பெயர் இருந்தது. அதை அன்ரன் ஒருநாளும் பார்க்கக் கூடாது என்று அவருடைய தாய்க்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் நிச்சயதார்த்தம் நடந்தது மல்லாவிப் பக்கத்தில், இடம்பெயர்ந்து இருந்த காலத்தில். கடற்கரைச் சனம் கடலைக் காணாமல் காட்டுக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டில்தான் மாமியுடையது, அன்ரனின் தாயுடையது. அவருடைய கணவர் சவிரி மாமா, அன்ரன் வெளிநாடு போன அடுத்த வருடம், ஒரு விடியற்காலை படகில் தொழிலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை. அந்த நாட்களில் அந்தக் கடலில் போனவர்களுக்கு என்ன நடந்திருக்கும் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமி மட்டும் வெள்ளை உடுத்தவில்லை, ஆத்துமாப் பூசை கொடுக்கவில்லை, கை மோதிரத்தைக் கழற்றவில்லை. "மோதிரம் கையிலை கிடக்குமட்டும் அவர் உயிரோடைதான்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லுவா. அன்ரனுக்கும் அப்படியே எழுதினா. அவரும் அதைப் பிடித்துக்கொண்டார். மாதத்துக்கு ஒருமுறையோ, வழி அடைபட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வருகிற அவருடைய கடிதத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: அப்பாவைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?

மாப்பிள்ளை வெளிநாட்டில் என்றால் எங்கள் பக்கத்தில் தாய்தான் பெண்ணுக்கு மோதிரம் போடுவா. கிடுகால் வேய்ந்த கோயிலில், ஒரு கதிரையில் அன்ரனின் படத்தை வைத்து, சுவாமியார் செபம் சொல்ல, மாமி என் விரலில் மோதிரத்தைப் போட்டா. போட்ட கையோடு அது முட்டியில் நிற்காமல் கழன்று கீழே விழுந்தது. சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். குனிந்து எடுத்தபோதுதான் உள்ளே எழுத்தைக் கண்டேன். ஒரு சின்னச் சிலுவை, பக்கத்தில் 'சவிரி' என்று இருந்தது. நிமிர்ந்து மாமியின் கையைப் பார்த்தேன். விரலில் மோதிரம் கிடந்த இடம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

அன்று பின்னேரம் மாமி எங்கள் கொட்டிலுக்கு வந்தா. மாமாவின் பழைய வலைத் துண்டொன்றிலிருந்து நூலைப் பிரித்து, என் கையை மடியில் வைத்து, மோதிரத்தில் இறுக்கிச் சுற்றினா.

"ஏன் மாமி கழட்டினீங்கள்? வேறை ஏதாவது போட்டிருக்கலாமே?"

"வேறை என்ன கிடக்கு? ஓடி ஓடி எல்லாம் போச்சு. அதுக்காக இல்லைப் பிள்ளை. அவர் வரமாட்டார். எனக்கு எப்பவோ தெரியும்."

"அப்ப உங்கடை மகனுக்கு எழுதுறது?"

"மல்லாவியிலை செய்விச்சது எண்டுதான் எழுதப்போறன். நீ சொல்லிப்போடாதை. நான் கழட்டினதை அறிஞ்சானெண்டால், தேப்பன் செத்துப்போனார் எண்டு நானே சொன்ன மாதிரி. அழுதால் ஆற்றவும் அவனுக்கு அங்கை ஆள் இல்லை."

நகை செய்கிற பத்தரிடம் மோதிரத்தைக் கொடுத்து வெளியே மெருகு போடுவித்திருந்தா. பெயரை அழிக்கட்டுமா என்று பத்தர் கேட்டாராம். "எனக்கு மனம் வரேல்லை" என்றா. அதைச் சொல்லும்போதுதான் முதல்தடவை அழுதா. நான் அவவின் கையைப் பிடித்து, சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். விமான நிலையத்தில் அன்ரன் என் கையைப் பார்த்துவிட்டு, "அம்மா தன்ரை மாதிரியே செய்விச்சிருக்கிறா" என்று சந்தோசப்பட்டபோதும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது கடைக்கார அம்மையார் கை நீட்டிக்கொண்டு நிற்கிறார். வேண்டாம் என்பதற்கு 'நைன்' என்ற சொல் எனக்குத் தெரியும். வகுப்பில் முதல்நாளே படிப்பித்தார்கள். ஆனால் ஏன் என்று திருப்பிக் கேட்டால் மாமிக்குச் செய்த சத்தியத்தைத்தான் உடைக்க வேண்டும். கழற்றிக் கொடுத்தேன். நூலைக் கண்டதும் அவருடைய முகத்தில் இரக்கம் வந்தது. ஏதோ ஏழைப்பட்ட பெண், சரியான அளவில் மோதிரம் செய்யக்கூட வழியில்லாமல் வந்திருக்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சின்னக் கத்திரிக்கோலால் முடிச்சை மட்டும் வெட்டி, நூலைப் பக்குவமாகப் பிரித்து ஓரத்தில் வைத்தார். கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து மோதிரத்தை உள்ளே பார்த்தார். "க்ராட்சர்" என்றார். கீறல்கள். "உட்பக்கம் நிறையக் கீறல். பயப்படாதே, தேய்த்து அழித்துவிடலாம். ஒன்றும் தெரியாது."

"எங்கை, காட்டுங்கோ" என்று தமிழிலேயே கேட்டுவிட்டார் அன்ரன்.

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடையில் வேறொரு சோடி சிரித்துக்கொண்டு மோதிரம் பார்த்தது. நான் தட்டில் இருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கண்ணில் படவில்லை.

"அம்மா எப்ப கழட்டினவா?"

"நிச்சயதார்த்தத்தண்டு."

"உமக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம். சொல்ல வேண்டாமெண்டு சத்தியம் வாங்கினவா."

கோபிப்பார் என்று பயந்தேன். கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எட்டு வருடம் கடிதத்தில் உயிரோடிருந்த தகப்பன், இரும்புக் கம்பி அடித்த ஒரு ஜேர்மன் கடைக்குள் அவருக்குச் செத்துப்போனார். பக்கத்தில் நின்ற நான் அதற்கு உடந்தை. கொஞ்ச நேரத்தில் அன்ரன் அம்மையாரைப் பார்த்து, அழிக்க வேண்டாம், வெட்டிச் சின்னதாக்கவும் வேண்டாம் என்றார். பிறகு அந்த நூலை எடுத்து, மோதிரத்தின் அடியில் சுற்றத் தொடங்கினார். கடைசி முடிச்சைப் பிழையில்லாமல் போட்டார். கிழிந்த வலை பொத்துகிறவர்கள் போடுகிற முடிச்சு அது. அவருக்கு அதைப் பழக்கியது யாரென்று நான் கேட்கவில்லை.

அம்மையாருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. வாடிக்கையாளரை நோகடித்துவிட்டேனோ என்று அன்ரனின் முகத்தையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், எந்த வேலைப்பாடும் இல்லாத, வெளிறிய பொன் வளையம் ஒன்றை எடுத்தோம். "இது அதோடு சோடி சேராதே" என்று அவர் கவலைப்பட்டார். "சேராட்டில் பரவாயில்லை. அது இடக்கை, இது வலக்கை" என்று அன்ரன் சொல்லி, அதையே ஜேர்மனிலும் சொன்னார்.

கல்யாணம் முடிந்த அடுத்த கிழமை மாமிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். படங்களைத் தெரிந்து எடுத்ததில் அரைநாள் போயிற்று. என் இரண்டு கையும் தெரிகிற படமாகவும் இருக்க வேண்டும், நூல் பிரியவில்லை என்று மாமி காணவும் வேண்டும். அன்ரன் நாலு பக்கம் எழுதினார். கோயில், சாப்பாடு, குளிர், யார் யார் வந்தது எல்லாம் எழுதினார். மோதிரம் நல்ல வடிவாகச் செய்வித்திருக்கிறீர்கள், பத்தருக்குச் சொல்லுங்கோ என்றும் எழுதினார். பிறகு பேனையைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசித்தார். தாளில் ஒரு வரிக்கு மட்டும் இடம் இருந்தது.

அப்பாவைப் பற்றி ஏதும் அறிஞ்சனீங்களோ?

"இனியும் ஏன் கேக்கிறியள்?" என்றேன்.

"கேக்காமல் விட்டால் அவாவுக்கு விளங்கிப் போயிடும்" என்று சொல்லி, என்னையும் கையெழுத்துப் போடச் சொல்லித் தாளைத் தள்ளினார். நான் புது மோதிரம் போட்ட வலக்கையால் பேனையைப் பிடித்தேன். தாள் அசையாமலிருக்க இடக்கையால் அழுத்திக்கொண்டேன். எழுதி முடிக்கும்வரை மாமாவின் வலைநூல் என் விரலில் உறுத்திக்கொண்டே இருந்தது.