ஒடியாத கிளை

சுப்பன் ஒரகடத்தை ஒட்டிய காப்புக்காட்டில் வாட்சராக இருந்தார். அந்தக் கோடையில் காட்டுத் தீயைத் தழைக்கொத்தால் அடித்து அணைத்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சடைத்து விழுந்தார்.

விறகு பொறுக்க வருபவர்களுக்கு அவரிடம் ஒரே சட்டம்தான். கிளையை வளைத்துப் பார்ப்பார். ஒடிந்தால் காய்ந்தது, எடுத்துப் போகலாம். வளைந்தால் பச்சை, பிடுங்கிக்கொள்வார். மைத்துனன் ரகுவின் கட்டும் ஒருமுறை அப்படித்தான் பறிபோனது.

சிதைக்கு அந்த ரகுதான் காட்டில் வெட்டி, வண்டி நிறையக் கொண்டுவந்தார். சுப்பனின் மகள் வேல்விழி கார் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்கிங் பார்ப்பவள். மேலே கிடந்த கிளையை எடுத்து வளைத்தாள். ஒடியவில்லை.

“பச்சை, மாமா.”

“இருந்தா இன்னா? அவரு காத்த காடு. கடைசியா ரெண்டு மரம் அவருக்குக் கெடையாதா?”

“அப்பா இருந்தா உன்ன வுட்டிருப்பாரா?”

ரகுவுக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது, அழுகைதான் வந்தது. “எங்க வுடுவாரு? வண்டியோட புடிச்சிருப்பாரு, பாவி மனுசன்.”

வேல்விழி தொழிற்சாலை சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். வெளிநாட்டிலிருந்து உதிரிபாகங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகளின் உடைந்த பலகைகள் லாரியில் வந்தன. எந்தத் தேசத்துக் காட்டு மரமோ, அதில்தான் அப்பா எரிந்தார்.

எல்லோரும் கலைந்த பிறகும் வாசலில் அந்தக் கிளைகள் இலை வாடாமல் கிடந்தன. அவற்றைப் பறிமுதல் செய்ய ஆள் இல்லை.