வேன் சத்தமில்லாமல் ஓடிய மாதம்

எங்கள் வேனுக்கு டேப்பெட் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். எஞ்சின் ஆறிக் கிடக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே ரஸ்க்கும் மிட்டாயும் ஏற்றிக்கொண்டு வேம்பார் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பிவிடுவோம். தெருவே கறி வாங்கப் போகும் நேரத்தில் நான் மட்டும் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வேன் முன்னால் குத்தவைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் என்னைப் பீச்சுக்குக் கூட்டிப்போனதைவிட ஸ்பேனர் பிடிக்க வைத்ததுதான் அதிகம்.

எஞ்சின் வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே முடியளவு இடைவெளி வேண்டும். அதைச் சரிபார்ப்பதுதான் டேப்பெட் பார்ப்பது. கூடினால் டக்டக்கென்று சத்தம் வரும். குறைந்தால் சத்தம் அடங்கும், ஆனால் வால்வு சரியாக மூடாமல் எஞ்சின் சண்டித்தனம் பண்ணும். நான் கீழேயிருந்து ஸ்பேனரால் எஞ்சினைச் சுற்ற, அவர் உள்ளே முன்சீட்டுகளுக்கு நடுவேயுள்ள மூடியைக் கழற்றிவிட்டு, ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய தகட்டை அந்த இடைவெளியில் விட்டு இழுத்துப் பார்ப்பார்.

"நாலாவது சிலிண்டர்ல வால்வு ஆடுது. அப்ப ஒண்ணாவதைப் பாக்கலாம். அசையாத ஏளா."

"நான் எங்க அசைஞ்சேன்? உங்க வேன்தான் அசையுது."

முட்டி வலிக்கும், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனாலும் அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போது ஏக்கமாக இருக்கிறது. வேலை முடிந்தால் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டாம். ராத்திரிக்குப் பொரிச்ச பரோட்டா வாங்கி வருவார்.

போன வருஷம் ஒரு தடவை டேப்பெட் பார்த்து முடித்ததும் வேன் பூனை மாதிரி ஓடியது. "வேன் வந்ததே தெரியலயே" என்று கடைக்கார அண்ணாச்சி ஒருவர் சொல்ல, இவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் பெருமைதான். ஒரு மாதத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. வெள்ளைப் புகையாகக் கக்கியது. பேட்டரி என்றார், டீசல் என்றார், கடைசியில் உப்புக் காற்றின் மேல் பழி போட்டார்.

மறுபடி திறந்தோம். அவர் கையால் வைத்ததை நானும் ஒருதரம் பார்ப்போமே என்று ஏறித் தகட்டை இழுத்தேன். வரவில்லை.

"இறுக்கிப் பிடிச்சில்லா நிக்கி?"

அவரும் ஒருதரம் இழுத்தார். "இல்லையே. எனக்கு லேசாத்தான் இருக்கு."

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். தகட்டின் விளிம்பு கிழித்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"விரல்ல ரத்தம் வருது."

"எதுல?" என்று ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார்.

சுகர் அவர் விரலில் உணர்ச்சியைத் தின்றிருந்தது. தகடு பிடிப்பது கைக்குத் தெரியும்வரை இறுக்கியிருக்கிறார். அதனால்தான் வேனுக்கு அந்த அமைதி.

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா. சொன்னா வேனை வித்துருங்கன்னு நிப்ப."

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு அழுகை. "எறங்குங்க" என்றேன். அவர் கீழே போய் ஸ்பேனரைப் பிடித்தார். நான் ராக்கர் ஸ்குரூவைக் கொஞ்சம் தளர்த்தித் தகட்டை இழுத்தேன்.

"எப்படி இருக்கு?" என்றார் கீழேயிருந்து.

"சரியா இருக்கு."

"சரின்னா? இழுக்கையில கைக்கு எப்படி இருக்குன்னு சொல்லு."

நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே ஸ்பேனரால் அடுத்ததுக்குச் சுற்றினார். எட்டு வால்வுக்கும் கேட்டார். எட்டுக்கும் சொன்னேன்.