இடது கையால் ஒட்டிய லேபிள்

இஷ்பெல் கெடிஸ் ஸ்காட்லாந்தின் டஃப்டவுன் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் சூப் கிண்டி ஓய்வு பெற்றவள். வயது அறுபத்தொன்று. அந்தப் பக்கத்தில் பழைய விஸ்கி சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பல் டாக்டர்கள், வக்கீல்கள், எண்ணெய்க் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பியவர்கள். அவர்களுக்கு நடுவில் ஏல அறையில் கம்பளிக் கோட்டோடு கடைசி வரிசையில் உட்காருகிறவள் இஷ்பெல் ஒருத்திதான்.

அவள் தேடியது ஒரே ஆலையின் சரக்கு. டல்லாரிக். எண்பத்து மூன்றில் பூட்டிய ஆலை. இனி அங்கே ஒரு சொட்டும் வடியப் போவதில்லை என்பதால், மிஞ்சிய பாட்டில்களுக்கு வருஷத்துக்கு வருஷம் கிராக்கி ஏறிக்கொண்டே போனது. கல்யாண வீடுகளுக்குக் கேக் செய்து கொடுத்த காசில், பதினைந்து வருஷத்தில் ஏழு பாட்டில் சேர்த்திருந்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரி பூனை வளர்க்கிறா, நீ பாட்டில் வளர்க்கிற. பூனையாவது மடியில வந்து உக்காரும்" என்பான் அவள் புருஷன் டூகல். பனிக்காலத்தில் சாலைக்கு உப்புத் தூவும் லாரி ஓட்டுகிறவன்.

மார்ச் மாதம் பெர்த் நகரத்து ஏலப் பட்டியலில் அவள் கண்ணில் பட்டது எண் நூற்றுப்பதினாறு. டல்லாரிக், இருபத்து மூன்று வருஷம் பீப்பாயில் கிடந்த சிங்கிள் மால்ட் விஸ்கி, எழுபத்து நான்கில் பாட்டிலில் அடைத்தது. நல்ல நிலையில் நாலாயிரம் பவுண்டுக்குக் குறையாது. ஆனால் பட்டியலில் போட்டிருந்த மதிப்பு இருநூறு. கீழே சின்ன எழுத்தில், 'லேபிள் சந்தேகத்துக்குரியது, உத்தரவாதம் இல்லை.'

ஏலத்துக்கு முந்தின நாள் எல்லோரும் வந்து பாட்டில்களைப் பார்க்கலாம். அறுநூறு பவுண்டு என்று மனதில் எல்லை கட்டிக்கொண்டு இஷ்பெல் போனாள். பாட்டிலைக் கையில் வாங்கினாள். லேபிள் இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பாட்டிலைத் திருப்பி, விஸ்கி வழியாக லேபிளின் முதுகைப் பார்த்தாள். பசையின் தடம் தெரிந்தது. இயந்திரம் தடவினால் கோடு கோடாக நேராக இருக்கும். இது தூரிகை இழுத்த தடம். வலமிருந்து இடமாகப் போய், நுனியில் கொக்கி மாதிரி வளைந்திருந்தது.

எழுபத்து நான்கு நவம்பரில் டல்லாரிக்கின் லேபிள் இயந்திரம் ஒரு வாரம் படுத்துக்கொண்டது. பசை வாளியும் தூரிகையுமாக நாலு பெண்களை உட்கார வைத்தார்கள். அதில் ஒருத்திதான் இடது கைக்காரி. வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதமான, பதினாறு வயது இஷ்பெல்.

இது அவளே ஒட்டியது.

வாயைத் திறக்காமல் இருந்தால் நாளைக்கு இது அவள் வீட்டு அலமாரியில். பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். அடுத்த மேஜையருகே தொப்பியைக் கையில் பிசைந்தபடி ஒரு மனிதர், பாட்டில்களைச் சோதிக்கும் ரத்ரேயிடம் பேசிக்கொண்டிருந்தார். வடக்கே லேர்க் பக்கத்தில் ஆடு வளர்க்கும் மர்டோ டலோக். பாட்டிலின் சொந்தக்காரர்.

"பனியில சிக்குன ஆலை லாரியை எங்கப்பா டிராக்டர் வச்சு இழுத்து விட்டாரு. அதுக்கு மேனேஜர் கொடுத்த பாட்டில் சார் இது. எங்கப்பா பொய் சொல்ற ஆள் இல்ல."

"உங்கப்பாவை யாரும் குத்தம் சொல்லலைங்க" என்றான் ரத்ரே. "லேபிள்தான் சரியில்ல. நான் என்ன பண்ண?"

மர்டோவின் காது மடல் சிவந்து போயிருந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இஷ்பெல் தேநீர்க் கடைக்குப் போய் ஒரு கோப்பை வாங்கி, பாதி குடித்து, வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தம்பி, அந்த லேபிளை ஒட்டினது நான்தான்."

ரத்ரே நிமிர்ந்தான். "என்னது?"

"நம்ப வேண்டாம். ஆலை மிஷின் படுத்துக்கிட்ட அதே வாரத்துல நான் கையால ஒட்டின பாட்டில் ஒண்ணு என் வீட்ல இருக்கு. கொண்டு வரச் சொல்றேன், ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாரு."

டூகலுக்குப் போன் போட்டாள். "வெள்ளைத் துணி சுத்தின பாட்டில். மெதுவா ஓட்டிட்டு வா."

"மூணு மணி நேரம் ஒரு பாட்டிலுக்கு நான் டிரைவரா?" என்று கத்தினாலும், சாயங்காலம் அறை மூடுவதற்குள் வந்துவிட்டான். கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். வழியில் வண்டியை ஒரு தடவைகூட வேகமாகத் திருப்பவில்லையாம்.

ரத்ரே இரண்டு பாட்டிலுக்கும் பின்னால் விளக்கைப் பிடித்தான். அதே இழுப்பு, அதே கொக்கி. தக்கையின் மேல் உறையையும் கண்ணாடியின் அடியில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டான். பிறகு ஒரு காகிதத்தையும் பசைத் தூரிகையையும் அவளிடம் நீட்டினான். அவள் தடவிக் காட்டினாள். அதிலும் அதே கொக்கி.

மறுநாள் ஏலம் தொடங்குவதற்கு முன் ரத்ரே எழுந்து, நூற்றுப்பதினாறு அசல்தான், தவறு தன்னுடையது என்று அறிவித்தான். இஷ்பெல் ஐந்நூறில் ஒரு முறை தன் எண் அட்டையைத் தூக்கினாள். மூச்சு விடுவதற்குள் விலை ஆயிரத்தைத் தாண்டியது. அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். ஐயாயிரத்து இருநூறுக்குச் சுத்தியல் விழுந்தது.

வெளியே மர்டோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "சும்மா இருந்திருந்தா அது உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கும்மா."

"கிடைச்சிருக்கும். அப்புறம் அந்த அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுல்ல நடக்கணும்?"

மர்டோ சிரித்தார். "எங்கண்ணனுக்கு இப்பவே போன் பண்ணணும். அப்பா கதை விட்டாருன்னு நாப்பது வருஷமா சொல்லிட்டிருக்கான்."

அவர் போன பிறகு ரத்ரே ஓடி வந்தான்.

"மிசஸ் கெடிஸ், சந்தேகம்னு நாங்க ஒதுக்கி வச்ச பாட்டில் ஒரு அலமாரி நிறைய இருக்கு. வாரத்துல ரெண்டு நாள் வந்து பார்ப்பீங்களா? சம்பளத்துக்குத்தான். ஆனா ஒண்ணு, இங்க வேலை பார்க்கிறவங்க இங்க ஏலம் கேக்கக் கூடாது."

இஷ்பெல் டூகலைப் பார்த்தாள். டூகல் வானத்தைப் பார்த்தான்.

"ஸ்காட்லாந்துல வேற ஏல அறையா இல்ல?" என்றாள் அவள்.

ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிப் பஸ்ஸில் கிளம்பினாள். மதியத்துக்குள் ஒன்பது பாட்டில் பார்த்து முடித்தாள். நாலு போலி, மூன்று அசல், இரண்டு தெரியவில்லை. தெரியாத இரண்டையும் எடுத்துத் தனியாக, சன்னலோரமாக வைத்தாள்.

"இதுங்களுக்குக் கொஞ்சம் டைம் கொடு தம்பி. அடுத்ததை எடு."