காத்திருந்த பஸ்

ஸ்பிரிங்வெளி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தங்கேஸ்வரிக்கு, அரை மரதன் ஓட்டத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்க ஆசை. போன வருடம் சில நிமிடங்களில் தவறியது. இந்த முறையும் பதுளை நகரின் கடைசித் திருப்பத்தில் கால் கனத்தது. இனி நடந்தே போகலாம் என்று முடிவுசெய்துவிட்டாள்.

முடிவுக்கோட்டுக்கு அப்பால், அவளைத் தோட்டத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் பஸ் நின்றது. சாரதி முன்ஸிப் தலையை நீட்டிக் கத்தினார்: "அக்கா, ஒங்களுக்காகத்தான் நிப்பாட்டி வச்சிருக்கேன். மெதுவா வாங்க."

பஸ்ஸைக் காக்க வைத்துவிட்டு நடக்க அவளுக்கு மனம் வருமா? பறந்தாள். கோட்டைத் தாண்டியும் நிற்காமல் நேரே பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலம் ஆக இன்னும் ஒரு நிமிடம் இருந்தது.

"ரொம்ப நன்றிங்க," என்றாள், மூச்சு வாங்க.

"மெதுவாத்தானே வரச் சொன்னேன்," என்றார் முன்ஸிப், கியரை மாற்றியபடி.