பிரேமினி ஆடப் போனாள்

ஹட்டனில் ஒரு துணிக்கடையில் பிரேமினிக்கு வேலை சொல்லி வைத்திருந்தாள் வீரம்மா. பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் ஓஎல் பரீட்சையில் மகள் கணக்கில் தவறியதிலிருந்து அதற்காகவே கடைக்காரரின் மனைவியிடம் பலமுறை போய் நின்றிருந்தாள். நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள் அவள். புருஷன் வேலைக்கென்று கொழும்புக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். மூத்தவள் கடையில் நின்றால் இளையவனைப் படிக்க வைக்கலாம் என்பதுதான் அவளுடைய கணக்கு.

பிரேமினியின் மனம் அந்தக் கடையில் இல்லை. ஆவணி மாதம் கொழும்பிலிருந்து வந்த ஒரு நடனக் குழு, ஹட்டனில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் பயிற்சி நடத்தியது. தோட்டத்து வரிசை வீடுகளான அதே லயத்தில், காம்பிரா என்னும் அறைகளில் இரண்டு தள்ளிக் குடியிருந்த ஷாமிலாவும் அவளும் சேர்ந்து போனார்கள். அதுவரை அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கலைவிழாவுக்கு ஆடும் சினிமாப் பாட்டுகளும், விருந்தினர் வரும்போது முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு ஆடும் கொழுந்து நடனமும்தான். இங்கே பாட்டே இல்லை. தரையில் படுக்கச் சொன்னார்கள், உருளச் சொன்னார்கள், மூச்சு எங்கே போகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். வெட்கப்பட்டுச் சிரித்த பிள்ளைகள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் இருந்தார்கள்.

கடைசி நாளில் நிலூஷா மிஸ் இருவரையும் கூப்பிட்டார். சிங்களத்தையும் தெரிந்த தமிழையும் கலந்து பேசினார். கொழும்பில் தங்கள் பள்ளியில் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று வருட முழுநேரப் படிப்பு இருக்கிறது, இது பொழுதுபோக்கு இல்லை, தொழில், தெரிவானால் தங்க இடமும் சாப்பாடும் கொடுப்போம், தை மாதம் வந்து ஆடிக் காட்டுங்கள் என்றார்.

"ரெண்டு பேரும் சேந்தே ஆடுவோம் டீ. தனியா நின்னா எனக்குக் காலு நடுங்கும்" என்றாள் பிரேமினி.

"நடுங்காது. நான் புடிச்சிக்கிருவேன்" என்றாள் ஷாமிலா.

அப்படித்தான் அந்த ஆட்டத்தை உண்டாக்கினார்கள். ஓரிடத்தில் பிரேமினி திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகச் சாய்வாள். தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது ஷாமிலாவின் கைகள் அவளைப் பிடித்துக்கொள்ளும். ஒருதடவைகூட அந்தக் கைகள் தவறியதில்லை.

கார்த்திகை மழை விடாமல் பெய்தது. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருப்பதாகச் சொல்லி கிராம சேவகர் எல்லாரையும் பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொன்னார். போனார்கள். மறுநாள் மத்தியானம் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்ச அரிசி போதவில்லை. காம்பிராவில் இருந்த அரிசியை எடுத்துவரும்படி ஷாமிலாவை அனுப்பினாள் அவளுடைய அம்மா அன்னம்மா. அவள் உள்ளே இருந்தபோது மலை இறங்கியது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களுக்கு லாரி கல் கொட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். போய்ப் பார்த்தபோது லயத்தின் பாதி இல்லை. மூன்றாம் நாள்தான் அவளை எடுத்தார்கள்.

வீரம்மாவின் காம்பிரா நின்றது. ஆனால் இனி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது என்று சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூட மண்டபமே முகாமாயிற்று. சேலைகளைக் கட்டித் தடுத்த இடங்களில் குடும்பங்கள் படுத்தன.

முதலில் சில வாரங்கள் பிரேமினிக்கு ஆடும் நினைப்பே வரவில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், தண்ணீர் எடுக்கச் சொன்னால் எடுத்தாள். மார்கழியில் நிலூஷா மிஸ்ஸிடமிருந்து, தேதியும் இடமும் சொல்லி, குரல் செய்தி வந்தது. "ரெண்டு பேரும் வாங்க" என்றிருந்தது அதில். மிஸ்ஸுக்கு விஷயம் தெரியாது. பிரேமினி அதைக் கேட்டுவிட்டு வெளியே ஓடினாள்.

ஆனால் மறுநாள் காலையில் மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் பக்கம் இருந்த சிமெந்துத் தரைக்குப் போனாள். ஆட்டத்தைத் தனியாக ஆடுவதற்கு மாற்ற வேண்டும். சாயும் இடத்துக்குப் பதிலாக ஒரு சுழற்சி வைக்கலாம் என்று நினைத்தாள். கையைத் தூக்கி இரண்டு அடி வைத்திருப்பாள். வாளியோடு அன்னம்மா வந்து நின்றாள்.

"ஆடுறியா?"

பிரேமினி கையை இறக்கினாள். "இல்ல அத்த."

"நான் பாத்தேனே. எம் புள்ள மண்ணுக்குள்ள மூச்சு முட்டிக் கெடந்தா. நீ இங்க கைய விரிச்சி ஆடுற." அன்னம்மா சத்தம் போடவில்லை. "அரிசிக்கு நாந்தான் அனுப்பினேன். ஒன்னய அனுப்பச் சொல்லி ஒங்கம்மாகிட்ட சொல்லியிருக்கலாம். எனக்குத் தோணல."

வாளியில் தண்ணீர் பிடிக்காமலே போய்விட்டாள். அந்தப் பேச்சு முகாம் முழுக்கப் பரவியது. வீடு இடிந்து கிடக்கும்போது இவளுக்கு ஆட்டம் கேட்கிறது என்றார்கள். வீரம்மா மகளின் முதுகில் ஓர் அடி வைத்தாள்; பிறகு அவளே அழுதாள். பிரேமினி அதற்குப் பின் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போகவில்லை. ஷாமிலாவுக்குப் பதிலாகத் தானே செத்திருக்கலாம் என்று பலமுறை நினைத்தாள். ஒருநாள் அதை அம்மாவிடம் சொல்லவும் செய்தாள். வீரம்மா அன்றைக்குப் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்து எடுக்கப் போகாமல் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

தேதி நெருங்கியது. "கொழும்புக்கு நான் அனுப்ப மாட்டேன். ஒங்கப்பன அனுப்பினது போதும்" என்று வீரம்மா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஷாமிலாவின் அப்பா செல்லசாமி வந்தார். மகள் போனதிலிருந்து யாரோடும் பேசாத மனிதர்.

"தங்கச்சி, புள்ளய நான் கூட்டிக்கிட்டுப் போய்ட்டுக் கூட்டியாறேன்" என்றார்.

"அண்ணே, ஒங்களுக்கு எதுக்குண்ணே? அண்ணிக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். எம் புள்ள போறேன்னு சொன்ன எடத்த நான் ஒருக்கா பாக்கணும்."

வீரம்மாவால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை.

ரயில் பாதை உடைந்திருந்ததால் பஸ்ஸில் போனார்கள். பள்ளியின் வாசலில், "நீ போ. நான் இங்கன இருக்கேன்" என்று செல்லசாமி மதிலோரம் நின்றுகொண்டார்.

உள்ளே வழுவழுப்பான மரத் தரை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. மற்றப் பிள்ளைகள் காலை வளைத்துப் பழகுவதைப் பார்த்ததுமே பிரேமினிக்கு ஊருக்குத் திரும்பிவிடலாம் போலிருந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். "மத்தப் புள்ள எங்க?" என்று நிலூஷா மிஸ் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆடத் தொடங்கினாள். சுழற்சி மனதில்தான் இருந்தது. உடம்பு அதைப் பழகியிருக்கவில்லை. அந்த இடம் வந்ததும் உடம்பு பழைய பழக்கத்தில் பின்னால் சாய்ந்தது. பிடிக்க யாரும் இல்லை. முதுகும் பின்தலையும் தரையில் மோதின. அறையில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு எழும்பி மீதியையும் ஆடி முடித்தாள். எப்படி ஆடினாள் என்று அவளுக்கே தெரியாது.

"ஏன் அப்படி விழுந்தீங்க?" என்று எதிரே வரிசையாக இருந்தவர்களில் நடுவில் இருந்த ஆசிரியர் தமிழில் கேட்டார்.

"அங்க ஷாமிலா நிக்கணும் சேர். அவ மண்சரிவுல போயிட்டா."

நிலூஷா மிஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வேறு ஏதாவது ஆட முடியுமா என்று அந்த ஆசிரியர் கேட்டார். வேறொன்றும் தெரியாது என்றாள்.

வாசலுக்கு வந்தபோது செல்லசாமி விட்ட இடத்திலேயே நின்றார். பஸ் நிலையத்தில் கேட்டார்.

"அவ இருந்திருந்தா எடுத்திருப்பாங்களா?"

"அவளத்தான் மொதல்ல எடுத்திருப்பாங்க மாமா. என்னய விட அவதான் நல்லா ஆடுவா."

அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். பஸ் வந்தது. அவர் அழுது முடியட்டும் என்று பிரேமினி அதை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தாள்.

பத்து நாள் கழித்துத் தெரிவாகிவிட்டதாகச் செய்தி வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. பாவம் பார்த்து எடுத்துவிட்டார்கள் என்றே தோன்றியது. நிலூஷா மிஸ்ஸுக்குப் போன் எடுத்து அதையே கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் வருஷம் முடிய சோதிப்போம். சரியில்லாட்டி வீட்டுக்கு அனுப்பிருவோம். அப்போ பாவம் பாக்க மாட்டோம்" என்றார். அந்தப் பதில்தான் அவளுக்குக் கொஞ்சம் தைரியம் தந்தது.

துணிக்கடையிலும் அந்த வாரமே வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஆடி என்ன செய்யப் போற?" என்று கேட்டாள் வீரம்மா.

"தெரியாதும்மா."

"தெரியாததுக்கா கடை வேலைய விடுற? நாம நிக்கிற நெலம தெரியுதா ஒனக்கு?"

"தெரியுதும்மா. கடையில நின்னா நான் என்னாவேன்னு அதவிட நல்லாத் தெரியுது."

"நான் போன்னு சொல்ல மாட்டேன். போனா தடுக்கவும் மாட்டேன். அதுக்கு மேல எங்கிட்ட எதையும் எதிர்பாக்காத" என்றாள் வீரம்மா. இளையவன் அக்காவின் உடுப்புப் பையை பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான். வீரம்மா வரவில்லை.

கொழும்பில் அவளுக்கு எதுவும் லேசாக இல்லை. பாடம் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நடந்தது. அவளைவிடச் சின்னப் பிள்ளைகள் அவளைவிட நன்றாக ஆடினார்கள். ஜோடியாக ஆடும் வகுப்பில் யாருடைய கையிலும் அவளால் பாரம் கொடுக்க முடியவில்லை, உடம்பு விறைத்துவிடும். வலப்பனையிலிருந்து வந்திருந்த பிரியந்தி என்ற சிங்களப் பெண் பொறுமையாக அவளோடு நின்று பார்த்தாள். பிறகு அவளும் வேறு ஜோடி தேடிக்கொண்டாள். குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுத நாட்கள் உண்டு. துணிக்கடையில் நின்றிருந்தால் இந்நேரம் தம்பியின் காலுக்கு ஒரு சோடிச் சப்பாத்தாவது வாங்கிக் கொடுத்திருப்பேனே என்று நினைத்த நாட்களும் உண்டு. ஆனால் மறுநாள் காலையில் அந்த மரத் தரையில் போய் நிற்காமல் இருந்ததில்லை.

சித்திரை வருசப் பிறப்புக்கு ஊருக்குப் போனாள். முகாமை மூடிவிட்டு, மேட்டில் தகரக் கொட்டகைகள் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் கால் கழுவும்போது வீரம்மா பாதங்களைப் பார்த்தாள். தோல் உரிந்து, பெருவிரலுக்குக் கீழே பிளந்திருந்தது. முழங்கால்கள் கறுத்திருந்தன.

"இதுக்கா போன?"

"ஆமாம்மா."

"வலிக்கலயா?"

"வலிக்குது."

வீரம்மா நல்லெண்ணெயை எடுத்து வந்து அடுப்பில் லேசாகக் காட்டி, மகளின் காலைத் தன் மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுடைய விரல்களும் கொழுந்துக் கறை ஏறி வெடித்துத்தான் இருந்தன. இரண்டு பாதங்களுக்கும் தேய்த்தாள்.

"வருசம் முடியச் சோதிப்பாங்கன்னியே. தேறிருவியா?" என்று கடைசியில் கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றாள் பிரேமினி.

வீரம்மா எண்ணெய்ப் போத்தலை இறுக மூடி மகளின் பைக்குள் வைத்தாள். "அங்க போயும் பூசு" என்றாள்.