மனைவிக்குத் தெரியாத மெட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எழுத்தராக இருந்தேன். மாலையில் வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தைத் திறந்தால் இசையமைப்பாளர். இந்த இரண்டாவது வேலையை எனக்கு யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

ஆலைக்கு நடக்கும்போது வாயில் ஏதாவது ஒரு முனகல் வரும். மூன்று நாள் கழித்தும் அது மறக்காமல் இருந்தால் ஸ்வரமாக எழுதிவைப்பேன். பிறகு சோதனை. என் மனைவிக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் ரேடியோவில் வந்த பாட்டெல்லாம் அத்துப்படி. முதல் வரியை வாசித்துவிட்டு, அடுத்த வரியைப் பாடச் சொல்வேன். அவள் சரியாகப் பாடிவிட்டால், எங்கோ கேட்டதை என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். தாளைக் கிழித்துவிட்டு, அந்த மெட்டு திரும்பி வராதபடி இரண்டு நாள் வேறு பாட்டாகப் பாடி விரட்டுவேன். அடுத்தவன் மெட்டை எடுத்தான் என்ற பேச்சு வரக்கூடாது. அதில் எனக்கு ஒரு வீம்பு.

ஒரு வருடம் வானொலி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. மழையைப் பற்றிய பாட்டு ஒன்றை அனுப்பி, மெட்டமைத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். தேறினால் ஒலிபரப்புவார்களாம். பல வருடம் எழுதிப் போட்டுக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அதற்கு வந்த மெட்டைப் போல முன்னும் பின்னும் எனக்கு ஒன்று வந்ததில்லை. பல்லவி மேலே போய் நிற்கும் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. ஒரு வாரம் அதே நினைப்பாகத் திரிந்தேன்.

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள், நிமிராமலே அடுத்த வரியைத் தனனாவென்று பிசிறில்லாமல் பாடினாள். எந்தப் படம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தாள் அடுப்புக்குப் போயிற்று.

கெடு நெருங்கிவிட்டதால் நான்கே நாளில் இன்னொன்று போட்டேன். அதன் அடுத்த வரி அவளுக்கு வரவில்லை. மனதில் நிற்கும்படி அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும். அனுப்பினேன், தேறிவிட்டது.

ஒலிபரப்பான காலையில் இருவரும் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்தோம். என் பெயரைச் சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. பல்லவி முடிந்ததும் அவள் சொன்னாள்:

"இதவிட மொதல்ல போட்டது நல்லா இருந்துச்சுங்க."

"அது யாரோ போட்ட மெட்டு."

"யாரு போட்டது? நீங்கதானே ஒரு வாரமா குளிக்கிறப்பல்லாம் தனனான்னு அதையே பாடிக்கிட்டு இருந்தீங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

"அத அன்னைக்கே சொல்றதுக்கென்ன?"

"எங்க கேட்டதுன்னு நீங்க கேக்கலையே. அடுத்த வரி பாடுன்னீங்க, பாடுனேன்."

அவள்மேல் கோபம் வந்தது, ஒரு நிமிடம். என் மேல் வந்தது இன்னும் முழுதாகப் போகவில்லை. பாடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்துவிட்டு, அதை ஒருமுறை பாடச் சொன்னேன். பல்லவியை ஒரு ஸ்வரம் பிசகாமல் பாடி நிறுத்தினாள்.

"சரணம்?"

"அத நீங்க குளிக்கிறப்ப பாடலீங்களே."

அன்று ஆலைக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை ஆர்மோனியத்தில் தேடினேன். சரணம் வரவில்லை.